வீடு ஒன்றா, நாலா? தத்துவத்தின் ஆன்டாலஜியும் கணினியின் ஆன்டாலஜியும்

முகப்புக்கதவு (காரைக்குடி) கேட்டது:

வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளின் கதவு, தூண், தரைக்கல், எனாமல் சாமான் எல்லாவற்றுக்கும் எக்செல்லில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதை ஆன்டாலஜியாக மாற்ற வேண்டும். அந்தச் சொல்லைத் தேடினால் ஒரு பக்கம் அரிஸ்டாட்டில், மறுபக்கம் ஆன்டாலஜி எழுத உதவும் புரோட்டிஜே மென்பொருளுக்கான பாடம். தத்துவத்தில் இருப்பியல் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா? பெயர் மட்டும்தான் பொது என்றால் தத்துவத்தை ஓரமாக வைத்துவிடலாமா?

கேட்கக் காரணம், நான்கு தலைப்புகளில் தினமும் தகராறு. 'வீடு' என்ற இடத்தில் ஒருவர் கட்டடத்தை எழுதுகிறார், இன்னொருவர் குடும்பத்தை. 'விலாசம்' என்றால் பாதிப் பேர் தெருவும் கதவு எண்ணும் எழுதுகிறார்கள், மீதிப் பேர் குடும்பத்தின் முன்னெழுத்துகளை. 'பூக்கல்' (டிசைன் போட்ட தரைக்கல்) என்றால் ஒரு கல்லா, அந்த டிசைனா? நகரத்தார் கோயில் வரிக்கணக்கில் வரும் 'புள்ளி' ஆளா, குடும்பமா?

இரண்டாங்கட்டு எழுதியது:

பெயர் ஒன்று, வேலை வேறு. ஆனால் தத்துவத்தை ஓரமாக வைத்தால் உங்கள் நான்கு தகராறும் அப்படியே மென்பொருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தத்துவத்தில் ஆன்டாலஜி ஓர் ஆராய்ச்சி. என்னென்ன உள்ளன, 'உள்ளது' என்று சொல்வதற்கே என்ன பொருள் என்பது அதன் கேள்வி. அரிஸ்டாட்டில் பொருள், அளவு, பண்பு, உறவு, இடம், காலம் என்று தொடங்கிப் பத்து வகை வைத்தார். ஆனால் 'ஆன்டாலஜி' என்ற சொல் அவருடையது இல்லை. அது 1606ல் லோர்ஹார்ட் நூலிலும் 1613ல் கோக்ளேனியஸ் அகராதியிலும்தான் அச்சேறியது. நம் பக்கம் இதே கேள்விக்கு வைசேடிகர் என்ற தத்துவ மரபினர் பட்டியல் போட்டார்கள். மணிமேகலையில் வரும் வைசேடிகவாதி பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று ஆறு சொல்வார். இப்படிப்பட்ட பட்டியல் தப்பு என்று காட்ட வேண்டுமானால், உலகம் அப்படி இல்லை என்று காட்ட வேண்டும்.

கணினியில் ஆன்டாலஜி ஒரு செய்பொருள். கோப்பாகச் சேமிக்கலாம், பதிப்பு எண் போடலாம், ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் மீலி 1967லேயே தரவு பற்றிய கட்டுரையில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். எல்லாரும் எடுத்துக்காட்டும் வரையறை டாம் க்ரூபர் 1993ல் கொடுத்தது: ஒரு கருத்தாக்கத்தை வெளிப்படையாக வரையறுத்து எழுதுவது. 1998ல் ஸ்டூடர், பெஞ்சமின்ஸ், ஃபென்சல் மூவரும் தந்த வடிவத்தில் 'முறைப்படியான', 'பலரும் பகிர்ந்துகொண்ட' என்ற இரண்டு அடைகளும் உண்டு. உங்கள் விலாசத் தகராறு அந்த இரண்டாவது அடையில்தான் அடிபடுகிறது. ஆளுக்கொரு பொருளில் எழுதினால் கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது ஆன்டாலஜி இல்லை.

வித்தியாசம் பளிச்சென்று தெரிய ஓர் உதாரணம். கோயில் மூர்த்தி உண்டா, இல்லையா என்பது தத்துவத்தில் காலகாலமாக நடக்கிற வாதம். நிலப் பதிவேட்டுக்கு அந்த வாதமே தேவையில்லை. இந்தியச் சட்டத்தில் மூர்த்தி சொத்து வைத்திருக்கத் தகுதியுள்ள சட்ட நபர். ஆகவே 'உரிமையாளர்' என்ற வகையில் மனிதர், நிறுவனம் இவற்றோடு மூர்த்திக்கும் இடம் விட்டாக வேண்டும். மென்பொருள் எழுதுகிறவர் நாத்திகராக இருந்தாலும் சரி. அங்கே இடம் விடாவிட்டால் கோயில் நிலத்துக்கு அர்ச்சகர் பெயரையோ நிர்வாகி பெயரையோ உரிமையாளராகப் போட வேண்டி வரும், அது நேரடியான பிழை.

இரண்டையும் கட்டும் பாலம் குவைன் என்ற தத்துவவாதி. 1948ல் அவர் சொன்னது: ஒரு கொள்கை எவற்றையெல்லாம் மாறிகளின் மதிப்பாக வைத்துப் பேசுகிறதோ, அவையெல்லாம் உண்டு என்று அது ஒப்புக்கொண்டதாகப் பொருள். இதை எக்செல்லில் சோதித்துப் பாருங்கள். பூக்கல் டிசைனை ஒரு கட்டத்தில் வெறும் எழுத்தாக ('தாமரை', 'நட்சத்திரம்') தட்டினால் உங்கள் பட்டியலுக்கு டிசைன் என்று தனியாக ஒன்றும் இல்லை. டிசைனுக்கு ஓர் அடையாள எண் கொடுத்துத் தனி வரிசை போட்ட நிமிஷம் அது உண்டு என்று கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். அதன்பிறகுதான் 'இந்த டிசைன் எத்தனை வீட்டில் இருக்கிறது' என்று கேட்க முடியும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். 'கருத்தாக்கம்' என்ற க்ரூபர் பேச்சை ஒப்புக்கொள்ளாதவர்களும் கணினிப் பக்கமே இருக்கிறார்கள். பேரி ஸ்மித் தரப்பு, ஆன்டாலஜி நம் எண்ணங்களை அல்ல, உலகில் உள்ளதையே வகைப்படுத்த வேண்டும் என்கிறது. அவர்களுடைய பிஎஃப்ஓ என்ற மேல்நிலை (எல்லாத் துறைக்கும் பொதுவான) ஆன்டாலஜி 2021ல் ஐஎஸ்ஓ/ஐஈசி 21838-2 தரமாகவே வந்துவிட்டது. மருத்துவம், உயிரியலில் அது நன்றாக ஓடுகிறது. வீட்டுச் சாமானுக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

கொட்டான் (புதுவயல்) எழுதியது:

அண்ணன் வரலாறு சொல்லிவிட்டார்கள், நான் நாலு தலைப்புக்கும் வழி சொல்கிறேன். அதற்கு முன், மூலத்திலிருந்து சொந்தமாக வகைகள் கண்டுபிடிக்க உட்காராதீர்கள். பண்பாட்டுப் பொருள்களுக்கென்றே சிடாக் சிஆர்எம் என்ற ஆயத்த ஆன்டாலஜி இருக்கிறது (ஐஎஸ்ஓ 21127 தரம்). அதில் 'ஈ' போட்ட எண் வகை, 'பி' போட்ட எண் உறவு.

வீடு. இந்த ஒரு சொல்லில் நாலு விஷயம் ஒளிந்திருக்கிறது. கட்டடம் (ஈ22, மனிதர் செய்த பொருள்). அது நிற்கும் இடம் (ஈ53). குடும்பம் (ஈ74, குழு). பங்காளிகள் வைத்திருக்கும் உரிமை (ஈ30). போதாததற்குக் கலியாணமான மகனுக்கு ஒதுக்கும் அறையையும் நாம் 'வீடு' என்றே சொல்வோம். இவற்றைப் பிரிக்க ஒரே சோதனை: எது போனால் எது போகும்? கட்டடம் இடிந்தாலும் குடும்பம் இருக்கிறது. குடும்பம் கொடிவழி அற்றுப்போனாலும் கட்டடம் நிற்கும். பங்கு கைமாறினாலும் சுவர் மாறாது. அழிவு வேறு வேறாக இருந்தால் பொருளும் வேறு வேறு. இது தத்துவத்தில் 'அடையாள நிபந்தனை' என்று சொல்வது, கொள்கைக்காக இல்லை, தலைப்பைப் பிரிக்கும் கத்தி.

விலாசம். இதற்குப் பிரிப்பதே மருந்து: 'அஞ்சல் முகவரி', 'குடும்ப முன்னெழுத்து'. பழைய தரவைத் திருத்தும்போது எண் இருக்கும் வரிகளை முகவரிக்கும், புள்ளி வைத்த ஓரிரு எழுத்து மட்டும் உள்ளவற்றை முன்னெழுத்துக்கும் தள்ளலாம். மிச்சத்தைக் கையால்தான் பார்க்க வேண்டும். 'விலாசம்' என்ற தலைப்பையே நீக்கிவிடுங்கள், இருந்தால் மறுபடி தப்பாகத்தான் நிரப்புவார்கள்.

பூக்கல். தரையில் பதித்த ஒவ்வொரு கல்லும் ஈ22. அதில் தெரியும் டிசைன் ஈ36, காட்சி உரு. இரண்டையும் பி65 இணைக்கும். ஒரு கல் உடைந்தால் டிசைன் உடையாது. அதே அச்சில் ஆத்தங்குடியில் நாளைக்கு வேறு கல் வார்க்கலாம். ஆனால் ஒரு வளவில் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) பதித்த ஆயிரக்கணக்கான கல்லுக்கும் தனித்தனி எண் போடுவது கிறுக்குத்தனம். ஓர் அறையின் தரை முழுவதையும் ஒரே ஈ22 ஆகப் போட்டு, டிசைனை அதோடு இணைத்து, எண்ணிக்கையைப் பரிமாணமாக எழுதுங்கள். தனியாகக் கழன்று வந்த கல்லுக்கு மட்டும் தனி எண்.

புள்ளி. ஆளாகப் போடாதீர்கள். வழக்கப்படி திருமணத்தில்தான் புள்ளி உண்டாகிறது. இருவரில் ஒருவர் தவறினால் அரைப்புள்ளி. ஆள் பிறக்கும்போது புள்ளி பிறப்பதில்லை. ஆகவே அது ஈ74, இரண்டு உறுப்பினர் கொண்ட குழு, திருமணம் அதைத் தொடங்கிவைக்கும் நிகழ்வு. நகரக் கோயில் ஒன்பதிலும் விதியின் நுணுக்கம் ஒன்றுபோலத்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்தந்தக் கோயில் கணக்கரிடம் கேட்டே 'அரை'க்கான நிபந்தனையை எழுதுங்கள். முழு, அரை இரண்டையும் துணைவகையாக்காமல் காலவரம்புள்ள நிலையாக வையுங்கள். துணைவகையாக்கினால் ஒருவர் தவறிய அன்று அதே புள்ளியை ஒரு வகையிலிருந்து அழித்து இன்னொன்றில் எழுத வேண்டும், பழைய வரி எந்தக் கணக்கில் கட்டியது என்ற தடமே போய்விடும்.

முகப்புக்கதவு எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடி பிரித்து, புரோட்டிஜேயில் ஏற்றி, ஹெர்மிட் அனுமானியை (எழுதிய விதிகளிலிருந்து முடிவுகளை எடுக்கும் நிரல்) ஓட்டியதில் மூன்று வினோதம்.

ஒன்று, காரைக்குடியும் தேவகோட்டையும் ஒரே ஊர் என்று வருகிறது. ஒரு கதவுக்கு இரண்டு பேர் 'செய்த ஊர்' வேறு வேறாக எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இரண்டு, 'செதுக்கியவர்' என்ற உறவு தூணுக்கு உரியது என்று எழுதினேன். ஒரு கதவுக்கும் அதைப் போட்டதும் கதவு தூண் ஆகிவிட்டது.

மூன்று, 'பழம்பொருள்' என்ற வகையின் கீழ் தூணை வைத்தேன். போன வருஷம் செய்த தூணும் பழம்பொருள் என்கிறது.

இவற்றுக்கு மேலாக, எல்லா வீட்டுக்கும் முகப்பு கட்டாயம் என்று விதி வைத்தும், முகப்பே எழுதாத வீடுகளைப் பற்றி ஒரு பிழையும் வரவில்லை.

கொட்டான் எழுதியது:

புரோட்டிஜேயில் நீங்கள் எழுதும் ஆன்டாலஜி மொழியான ஓடபிள்யூஎல் எக்செல் மாதிரி சோதிக்காது, அனுமானிக்கும். நாலும் அதிலிருந்து வருவதுதான்.

'செய்த ஊர்' ஒன்றுதான் இருக்க முடியும் என்று அறிவித்திருப்பீர்கள். இரண்டு பெயர் வந்ததும், 'பிழை' என்று சொல்வதற்குப் பதில், 'அப்படியானால் இரண்டு பெயரும் ஒரே ஊர்' என்று அது முடிவு கட்டும். இரண்டு பெயர் என்றால் இரண்டு பொருள் என்று ஓடபிள்யூஎல் தானாக எடுத்துக்கொள்ளாது. ஊர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று வேறு என்று ஒரே வரியில் அறிவியுங்கள். அப்புறம் ஓட்டினால் முரண்பாடு என்று சரியாகக் கத்தும். ஆனால் அந்தக் கதவுக்கு உண்மையிலேயே இரண்டு கருத்து இருக்கிறது என்றால் 'ஒன்றுதான்' என்ற விதியை எடுத்துவிட்டு, யார் சொன்னது என்பதையும் சேர்த்து எழுதுவதே சரி.

'செதுக்கியவர்' விஷயத்தில், 'தூணுக்கு உரியது' என்ற மூலவகை அறிவிப்பு காவல்காரன் இல்லை. 'இந்த உறவு யாருக்கு இருந்தாலும் அவர் தூண்' என்று அதற்குப் பொருள். மூலவகையைப் பரந்ததாக (ஈ22) வையுங்கள். தூணும் கதவும் ஒன்றையொன்று விலக்கும் வகைகள் என்றும் எழுதியிருந்தால் இந்தத் தப்பு அன்றைக்கே தெரிந்திருக்கும். விலக்கு அறிவிப்பு எழுதாத ஆன்டாலஜி எதையும் மௌனமாக ஒப்புக்கொள்ளும்.

முகப்பு எழுதாத வீட்டுக்குப் பிழை வராதது திறந்த உலக அனுமானம். எழுதாதது இல்லை என்று ஆகாது. எங்கோ ஒரு முகப்பு இருக்கிறது, நமக்குத்தான் பெயர் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளும். விடுபட்டதைப் பிடிக்க வேண்டுமென்றால் ஷேக்கிள் என்ற இன்னொரு மொழி இருக்கிறது, 2017ல் டபிள்யூ3சி (இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பு) பரிந்துரை. அனுமானத்துக்கு ஓடபிள்யூஎல், சரிபார்ப்புக்கு ஷேக்கிள், இரண்டையும் ஒரே கோப்பில் கலக்க வேண்டாம்.

பழம்பொருள் விவகாரத்துக்கு மருந்து தத்துவத்திலிருந்தே வந்தது. குவாரினோ, வெல்டி இருவரும் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்த ஆன்டோகிளீன் முறை. ஒவ்வொரு வகையையும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் இருக்கும் பொருள் இதை விட்டு வெளியேறியும் அதே பொருளாக இருக்குமா? மரத்துண்டு மரத்துண்டாகத்தான் இருக்க முடியும். ஆனால் பழம்பொருள் ஒரு காலத்தில் பழம்பொருளாக இல்லை. புதிதாக வாங்கிய சாமான்தான். பங்காளி பங்கை விற்றாலும் அதே மனிதர். விட்டு வெளியேறக்கூடிய வகைக்குக் கீழே, விட்டு வெளியேற முடியாத வகையை வைக்கக் கூடாது. இந்த ஒரே விதி. 'மனிதர்' என்பதைப் 'பங்காளி'யின் கீழ் வைப்பதும் இதே தப்பு. பழம்பொருள் என்பதை வகையாக்காமல், தேதியை வைத்துக் கேள்வி கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இப்போதே சொல்லிவிடுகிறேன், அடுத்து அதில்தான் முட்டுவீர்கள். தூண் வளவின் பாகம், வளவு வீட்டின் பாகம், ஆக தூண் வீட்டின் பாகம் என்று வர 'பாகம்' உறவைக் கடப்பு உறவு என்று அறிவிப்பீர்கள். அதன்பின் 'இந்த வளவுக்குச் சரியாக 12 தூண்' என்று எழுதினால் அனுமானி ஓடாது. கடப்பு உறவின் மேல் எண்ணிக்கை விதி போட ஓடபிள்யூஎல் 2 டிஎல் அனுமதிக்காது. 'நேர்ப்பாகம்' என்று கடப்பில்லாத துணை உறவு ஒன்று செய்து, எண்ணிக்கையை அதன்மேல் வையுங்கள். குழு உறுப்பினர் உறவைப் பாகத்தோடு சேர்க்காதீர்கள். தச்சரின் கை தச்சரின் பாகம், தச்சர் ஒரு குழுவின் உறுப்பினர். கை அந்தக் குழுவின் உறுப்பினர் ஆகாது.

வடக்குவளவு எழுதியது:

தம்பி, இவ்வளவு கனமான கருவி வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். உங்கள் பட்டியலிலிருந்து பதில் வர வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள், இருபது போதும். 'இந்தத் தூண் எந்த வீட்டிலிருந்து வந்தது', 'இந்த டிசைன் கல் எந்தெந்த ஊரில் இருக்கிறது' என்கிற மாதிரி. அதில் பெரும்பாலானவை பெயர் தேடலாக இருந்தால் ஸ்கோஸ் முறையில் (சொற்பட்டியல்களுக்கான இணையத் தரம்) ஒரு சொற்பட்டியலும், சுத்தமான எக்செல்லும் போதும். ஸ்கோஸ் 'அகன்ற சொல், குறுகிய சொல், தொடர்புடைய சொல்' என்ற அளவில் நிற்கும், இந்த மாதிரி அனுமானம் செய்யாது, காரைக்குடியை தேவகோட்டையாக்காது. மூலமும் கைமாற்றமும் முக்கியம் என்றால்தான் சிடாக்.

நான் எழுத வந்தது வேறு. தத்துவம் அடையாளச் சோதனை கொடுத்ததோடு நிற்கவில்லை. உங்கள் எக்செல்லில் பெரிய ஓட்டை காலிக் கட்டம். பிற்கால வைசேடிகர் ஏழாவது பதார்த்தமாக (வகையாக) அபாவத்தைச் சேர்த்தார்கள், இன்மை. 'இல்லை' என்பதும் அறியப்படுகிற ஒன்று, அதற்கும் வகை உண்டு என்றார்கள். நாலு வகை. உண்டாவதற்கு முன் இல்லாமை பிராகபாவம். அழிந்த பின் இல்லாமை பிரத்வம்சாபாவம். என்றுமே இல்லாமை அத்தியந்தாபாவம். இது அதுவல்ல என்கிற இல்லாமை அந்நியோந்நியாபாவம்.

இப்போது 'முகப்புத் தூண்' என்ற காலிக் கட்டத்தைப் பாருங்கள். வீடு கட்டி முடியாமல் தூண் நிறுத்தாததா? கறையான் தின்றுபோனதா? இந்த வீட்டு அமைப்பிலேயே அங்கே தூண் கிடையாதா? நாலாவது வகை கொட்டான் சொன்ன 'வேறு' என்ற அறிவிப்பேதான். இவை எதிலும் சேராத ஐந்தாவது ஒன்றும் அதே காலிக் கட்டத்தில் இருக்கிறது: யாரும் போய்ப் பார்க்கவில்லை. அது இன்மை இல்லை, அறியாமை. பொருளைப் பற்றியது ஒன்று, நம்மைப் பற்றியது மற்றது. திறந்த உலகத்தில் மௌனம் இந்த ஐந்தாவதைத்தான் குறிக்கும், ஆகவே மற்றவற்றை வாய்விட்டு எழுதியாக வேண்டும். கறையான் தின்றதற்கு அழிவு நிகழ்வு, ஈ6. இந்த வீட்டில் இந்தத் தூண் இல்லை என்று ஒரு குறிப்பிட்ட பொருளைச் சொல்ல, ஓடபிள்யூஎல் 2ல் எதிர்மறை உறவு அறிவிப்பு. இந்த மாதிரித் தூணே கிடையாது என்றால், எண்ணிக்கை பூச்சியம் என்று வகை விதி. எக்செல்லிலேயே இருக்கப்போகிறீர்கள் என்றாலும் காலி விடாமல் 'பார்க்கவில்லை', 'அமைப்பில் இல்லை', 'அழிந்தது', 'நிறுத்தவில்லை' என்று நாலு குறியீடு போடச் சொல்லுங்கள்.

முகப்புக்கதவு எழுதியது:

ஆச்சி, குறியீடு நாலும் இன்றே போட்டாயிற்று. ஆனால் எங்களுக்கு அதிகம் வருவது வேறு: வீட்டிலிருந்து கழற்றி, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைக்குப் போன தூண். அதை 'அழிந்தது' என்று போடுவதா?

இரண்டாங்கட்டு எழுதியது:

போடக் கூடாது. பிரத்வம்சாபாவம் என்றால் பொருளே அழிய வேண்டும். தூண் கடையில் முழுசாக நிற்கிறது. தர்க்க நூல்களில் இதற்குப் பானை உதாரணம் சொல்வார்கள்: தரையில் இருந்த பானையை எடுத்துக்கொண்டு போன பின் தரையில் பானை இல்லாமை. இதைச் சாமயிகாபாவம் என்று தனியாகச் சேர்த்தவர்களும் உண்டு, அத்தியந்தாபாவத்தில் அடக்கியவர்களும் உண்டு. உங்களுக்கு அந்தச் சண்டை முடிய வேண்டியதில்லை, ஐந்தாவது குறியீடாக 'கழற்றப்பட்டது' சேர்த்தால் போதும்.

சிடாக்கில் அதற்கென்றே ஈ80, பாகம் நீக்கல். வீட்டை பி112ஆலும் (குறைந்தது எது), தூணை பி113ஆலும் (நீங்கியது எது) அந்த நிகழ்வோடு கட்டுங்கள். விற்பனை தனி நிகழ்வு, ஈ8. இரண்டையும் ஒன்றாக்கினால், கழற்றி வைத்து விற்காமல் இருக்கும் தூணுக்கு இடம் இருக்காது. தூண் இன்னொரு வீட்டில் ஏறினால் ஈ79, பாகம் சேர்த்தல். பழைய வீட்டோடு இருந்த பி46 (பாகம்) இணைப்பை அழித்துவிடாதீர்கள், அது 'ஒரு காலத்தில் இருந்தது' என்பதையும் சொல்கிற உறவு. காலத்தை நிகழ்வுகள் காட்டும்.

சென்னை முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் நிற்கும் செட்டிநாட்டு வீட்டைப் பட்டியலில் சேர்க்கிற நாள் வந்தாலும் இதே வழிதான். அது இங்கே இருந்த வீடேதானா, அதன் பாகங்களால் செய்த வேறு வீடா என்று தத்துவக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கட்டும். உங்கள் கோப்பில் இரண்டு கட்டடத்துக்கும் வேறு வேறு எண் கொடுங்கள். ஒன்றுதான் என்று பின்னால் முடிவானால் ஒரே வரியில் இணைக்கலாம். முதலிலேயே ஒரே எண் கொடுத்துவிட்டால், பிரிக்கும்போது ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டடத்தைப் பற்றியது என்று திரும்பத் தேட வேண்டும்.